பாதி முகத்தின் பெறுமதி

12 மார்ச் 1985
பாங்கில் ஒருவர் என் கவுண்டருக்கு வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து நீள வரிசைக்கு மாறிக்கொண்டார். எனக்கு வேலை மிச்சம்.
காதுக்கு முன்னால் இருந்த கட்டியை எடுக்கப்போன சேர்ஜன் இடது பக்க முகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். கன்னம் அசையாது. கண் மூடாது, வடிந்தபடியே இருக்கும். நரம்பு களைத்திருக்கிறது, எழும்பும் என்றார். கிறிஸ்மஸுக்கு முதல் படுத்த நரம்பு. நல்ல நித்திரை.

3 ஏப்ரல்
வேறொரு டாக்டர் பார்த்தார். நரம்பு நித்திரை இல்லை. அறுந்துவிட்டது. இனி இப்படித்தான்.
என் கணவர்தான் காரை ஓட்டினார். டொமினியன் ரோட்டில் எல்லா விளக்கும் சிவப்பு.

7 ஏப்ரல்
விநாயகமூர்த்தி அண்ணை வந்தார். கொழும்பில் வழக்கறிஞர், இங்கே தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிறார். அமெரிக்காவில் இதற்கு மில்லியன் கணக்கில் கிடைக்குமாம். தேத்தண்ணி ஆறும்வரை அந்த சேர்ஜனைக் குறுக்கு விசாரணை செய்தார். சேர்ஜனாக நின்றது எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரை. பாவம், அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

13 ஏப்ரல்
அண்ணை நூலகத்தில் சட்டம் படித்துவிட்டு முகம் தொங்க வந்தார். இப்போது எனக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம்.
இந்த நாட்டில் டாக்டர்மேல் வழக்குப் போட முடியாதாம். யாருடைய பிழை என்று கேளாமல் அரசாங்கமே இழப்பீடு தரும். ஆனால் வலி, மனவேதனை, வாழ்க்கையில் போன சந்தோஷம் எல்லாவற்றுக்கும் சேர்த்து உச்சம் பத்தாயிரம் டொலர். அதற்கு மேல் எவரும் வேதனைப்பட மாட்டார் என்று பாராளுமன்றம் கண்டுபிடித்திருக்கிறது. தாண்டினால்? சொந்தச் செலவில் அழ வேண்டியதுதான்.

20 ஜூன்
இழப்பீட்டு அதிகாரி வீட்டுக்கு வந்தாள். மரியாதையான பெண். அவள் வருமுன் இவர் பாடம் எடுத்தார்: "பகிடி விடாதையும், ரதி. கொஞ்சம் சோகமாய் இரும்."
முன்பு எதில் சந்தோஷப்பட்டீர்கள் என்று கேட்டாள். ஆட்களைப் பார்த்துச் சிரிப்பதில், இப்போது பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள் என்றேன். அவள் சிரித்தாள், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு ஏதோ எழுதினாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அவரால் முடிகிறது.

9 ஓகஸ்ட்
முடிவு வந்தது. 'நன்றாகச் சமாளிக்கிறார்.' ஆகவே இரண்டாயிரம். விழுந்து புரண்டிருக்க வேண்டும். அண்ணை மறுவிசாரணை கேட்கப் போகிறார். அவருக்குத்தான் உயிர் வந்திருக்கிறது.

14 ஒக்டோபர்
மறுவிசாரணை. அண்ணை பழைய கறுப்புக் கோட்டோடு வந்தார், கற்பூர உருண்டை வாசத்தோடு.
பாதியில் விசாரணை செய்தவர் நிறுத்தி, கண்ணைத் துடைக்க டிசூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். இடது கண் வடிந்துகொண்டிருந்தது. மேசைக்குக் கீழே அண்ணை என் காலை மிதித்தார் — பேசாமல் இரு என்று.
இது அழுகை இல்லை, மூடாத கண் வடிகிறது, அவ்வளவுதான் என்றேன். அழுதால் இரண்டும் வடியும்.
அப்படி எப்போது அழுதீர்கள் என்று கேட்டார்.
அதுவரை எல்லாம் இங்கிலீஷில்தான் சொன்னேன். இதற்கு மட்டும் ஏன் தமிழ் வந்தது? "பல்லு மினுக்கேக்கை. கண்ணாடியைப் பாத்து. ஒவ்வொரு நாளும்."
அண்ணைதான் மொழிபெயர்த்தார். பிறகு அந்தப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

2 நவம்பர்
ஏழாயிரம். உச்சத்தைத் தொட இன்னும் கொஞ்சம் வேதனைப்பட இடம் வைத்திருக்கிறார்கள். அண்ணை வெற்றி என்கிறார். இருக்கட்டும். ஆனால் இத்தனை பேர் என் முகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்தவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

18 பெப்ரவரி 1986
சேர்ஜனிடம் நேரம் கேட்டுப் போனேன். என்ன பிரயோசனம் என்று இவர் கேட்டார். தெரியாது என்றேன்.
சேர்ஜனே வாசலில் வந்து நின்றார். உள்ளே இருத்தினார். நான் கேட்குமுன்னமே சொன்னார்: "நான்தான் வெட்டினேன். வெட்டும்போதே தெரிந்தது. நரம்புக்குக் களைப்பு என்று உங்களுக்குப் பொய் சொன்னேன். மன்னியுங்கள்."
உங்களிடமிருந்து ஒரு சதம்கூட என்னால் வாங்க முடியாதே, பிறகு எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்டேன். உண்மையாகவே அறிய விரும்பினேன்.
"உங்கள் முகத்தைப் பார்க்க."
அப்படியானால் இப்போது பாருங்கள் என்றேன். பார்த்தார். நானும் அவசரப்படவில்லை.

19 பெப்ரவரி
சேர்ஜன் மன்னிப்புக் கேட்டதை அண்ணைக்குச் சொன்னேன். அவர் கேட்டார்: "எழுத்திலை தந்தவரோ?"

9 மார்ச்
சிநேகிதி குணவதி வீட்டில் சாப்பாடு. அண்ணை மறுவிசாரணையை எழும்பி நின்று நடித்துக் காட்டினார். அதில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, எல்லாம் அவரே பேசி வென்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு வயிறு நொந்துவிட்டது.
திரும்பி வரும்போது இவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "இண்டைக்கு நீர் சிரிக்கேக்கை வாயைப் பொத்தேல்லை."
நான் கவனிக்கவில்லை.