பாப்பாவின் காய்ச்சல் இறங்கும்வரை

நிலாச் சுரங்க நிலையம், நோயறை. காலை 7.20

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேனேஜரின் பைஜாமாவைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கேட்காமல் எடுத்தது. என் கால்சட்டை இரண்டும் பாப்பாவின் வாந்தியில் ஊறிக் கிடக்கின்றன. நிலாவில் வாந்தி மெதுவாகத்தான் பறந்து வரும். விலக நேரம் இருக்கிறது. பிள்ளையைக் கையில் பிடித்திருப்பவன் எங்கே விலக?

நான் மரியசூசை, சமையல்காரன். ஐந்தாவது வரை படிப்பு. தப்பிருந்தால் ஐந்தாவது வாத்தியாரைக் கேளுங்கள். பாப்பா பெயர் நறுமுகை, வயது மூன்று. அம்மா வளர்மதி துளையிடும் என்ஜினியர், தூரத்துக் குழியில் வேலையாக இருக்கிறாள். என்னை அண்ணே என்பாள். யார் மேல் முதலில் வாந்தி விழுந்ததோ அவன்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று முடிவுகட்டி, இரண்டு பேரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

காய்ச்சல் 102. வயிற்றுப்போக்கு நான்கு முறை. இன்றோடு நிலையத்தை மூடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கு எல்லோருக்கும் கப்பல்.

காலை 10.05

உப்புச் சர்க்கரைத் தண்ணீர், ஸ்பூன் ஸ்பூனாக. மூன்று நின்றால் நான்காவது திரும்பி வருகிறது. நாக்கு காய்ந்திருக்கிறது. என்னைப் பார்த்து "போ பூதம்" என்றது. தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். காய்ச்சல்காரர் ஒருவர் ஏறினாலும் கப்பலைப் பூமியில் இறங்க விடமாட்டார்களாம். அதனால் காய்ச்சல்காரர் யாரும் ஏறக் கூடாது.

உடனே கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்து ரேடியோவில் வந்தான். இருபது வருடமாக என் சோற்றைத் தின்றுகொண்டே குறை சொல்கிறவன்.

"என்னவே சூசை, பிள்ளைக்கு ஒன் சாம்பாரையா ஊத்துன?"

"ஒனக்குந்தான் ஊத்துனேன். நீ சாகலையேவே."

"என் வயிறு இரும்புவே. கேப்டன் கெடக்கான், விடு. நாலு மணிக்கு மின்னால நானே வந்து கதவத் தெறக்கேன். ரெண்டு பேரையும் பின்பக்கமா ஏத்திருதேன். ஒரு பயலுக்கும் தெரியாது."

பகல் 1.30

104. ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்தேன். மருந்து கொடுத்தேன், கக்கியது. மறுபடி கொடுத்தேன். மூத்திரம் போய் வெகுநேரம் ஆகிறது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. அது நல்லதில்லை.

இசக்கியைக் கூப்பிட்டேன். பயம் தெரியக் கூடாதென்று வழக்கம்போலக் கிண்டலடித்தேன்.

"சீக்கிரம் வாவே. ஒன் மூஞ்சியப் பாத்தாலே பிள்ளைக்கு வயித்தால போறது நின்னுரும்."

"சரி சூசை" என்றான். "நீ நல்லாத்தான் பாத்துக்கிடுத. ஒன் கைப்பக்குவம் யாருக்கும் வராது."

இருபது வருடத்தில் அவன் என்னைப் புகழ்ந்தது இது முதல் தடவை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

மாலை 4.10

தரை அதிர்ந்தது. டம்ளரில் தண்ணீர் ஆடியது. பிறகு ஆடவில்லை. கதவு சாத்தியே இருக்கிறது.

பாப்பா கண்ணைத் திறந்து, என்ன சத்தம் என்று கேட்டது. இசக்கி மாமாவுக்கும் வயிறு சரியில்லை என்றேன். சிரித்தது.

மாலை 4.35

ரேடியோவில் அவன்.

"சூசை, கேக்குதா? வளர்மதி பிள்ளையக் கேட்டா. பின்னறையில ஒங்கூடத் தூங்குதுன்னு சொல்லிட்டேன். கிட்டப் போனா தொத்திக்கிடும்னு தடுத்து வச்சிருக்கேன். நான் என்னவே செய்ய? ஊர்ல எனக்கும் மூணு பிள்ள கெடக்கு. கதவத் தெறந்து விடுதேன், பாத்துக்க."

கதவு திறந்தது. கப்பலில் உட்கார்ந்துகொண்டே திறக்கிறான். அப்படியானால் காலையிலிருந்தே திறந்திருக்கலாம். தானே வந்து திறப்பதாகச் சொன்னது, நான் கூச்சல் போட்டுக் கதவை உடைக்காமல் இருக்க. நானும் உட்கார்ந்திருந்தேன். நல்ல பிள்ளையாக.

நேற்று அவனுக்கு வழிச்சோறு கட்டிக் கொடுத்தேன். எலுமிச்சை சாதம். கேலிக்கு உப்பைத் தூக்கலாகப் போட்டேன். இந்நேரம் தின்றிருப்பான். குறைகூடச் சொல்லவில்லை.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்தைச் சுற்றிவந்தேன். எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிவிட்டார்கள். ரேடியோ என்று இருப்பது நோயறையில் உள்ள இது ஒன்றுதான். காற்று பத்து நாளைக்கு வரலாம்.

மாலை 6.00

ரேடியோவில் வளர்மதி.

"அண்ணே, பின்னறையப் போய்ப் பாத்துட்டேன். இசக்கிய அடிச்சிட்டேன். கேப்டன் இறங்க மாட்டேங்கிறாரு. அவ உசுரோட இருக்கா, காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நீங்க சொன்னாத்தான் திரும்புவாராம். இப்ப நிலாவுக்கு மறுபக்கம் போறோம், எதுவும் கேக்காது. எட்டு மணிக்கு உங்க தலைக்கு மேல வருவோம். அந்த ஒரு தடவதான் அண்ணே. அவளப் பேச வைங்க. சத்தம் வரலன்னா பூமிக்குத் திருப்பிடுவாரு."

பதில் சொன்னேன். அதற்குள் போய்விட்டார்கள்.

மாலை 7.30

100. நன்றாக வியர்த்துவிட்டது. மூத்திரம் போனது, மேனேஜர் பைஜாமா மேல்தான். மூத்திரத்துக்கு இப்படிச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் இல்லை. நான் உலகத்திலும் இல்லை.

கஞ்சி கேட்டது. வைத்திருக்கிறேன், ஆறுகிறது. இசக்கி பேச வந்தால் என்ன சொல்வதென்று யோசித்துப் பார்த்தேன். திட்டக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. அவனைத் திட்டுவதற்கு எனக்கு எப்போதும் வார்த்தை இருக்கும்.

8.04

காய்ச்சல் 99. கிண்ணத்தைத் தானே பிடிப்பேன் என்றது. கொடுத்தேன். ரேடியோவில் "அண்ணே" என்று கேட்டது. பாப்பா "அம்மா" என்று இரண்டு கையையும் நீட்டியது. கிண்ணம் ரேடியோ மேல் கவிழ்ந்தது. நான் பேசும் பொத்தானை இன்னும் அழுத்தியிருக்கவில்லை. துணியால் துடைத்தேன். கஞ்சி உள்ளே போயிருக்கிறது. ரேடியோவின் விளக்கு எரியவில்லை.

கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. குடித்தது. வாந்தி இல்லை.