கதவுக்குப் புதுப் பெயின்ட்

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். அங்கே உங்கள் மூவருக்கும் அப்படியே இருக்க வேண்டும். போனில் உன்னிடம் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மாமா வேலை பார்த்த மில்லை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. அவர் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. ஐம்பத்திரண்டு வயது என்றதும் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்களாம்.

போன மாதம் வீட்டுக்கு மதிப்புப் போட வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மதிப்பு வந்தால் நின்றுபோன வீட்டுக் கடன் தவணைக்கு அவகாசம் தருவார்கள் என்று இந்த மனுஷன் தானாகவே நினைத்துக்கொண்டார். முந்தின நாளே வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். வந்தவரை அறை அறையாகக் கூட்டிப்போய், ஜன்னல் கம்பி எல்லாம் நானே வெல்டிங் வைத்தது சார், ஆடவே ஆடாது என்று ஆட்டிக் காட்டினார். நானும் பெருமையாக மாடித் தொட்டியைக் காட்டினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க! அவர் குறித்துக்கொண்டு போனதெல்லாம் ஏலத்துக்கு.

நேற்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், அந்தக் கதவிலேயே. நல்ல நிலையில் உள்ள வீடு, உறுதியான ஜன்னல்கள் என்று போட்டிருக்கிறது. மாமா அந்த வரியையே போய்ப் போய்ப் படிக்கிறார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது உன்மேல் கோபம். உன் மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உனக்கும் வேலை போய் ஐந்து மாதமாமே! வேலை போனவர்களுக்கு உங்கள் நாட்டு வங்கி ஆறு மாதம் தவணை கேட்காதாம், நீ எழுதிக்கொடுத்து வாங்கினாயாம். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் தவணைக்கு வைத்திருந்த அந்தக் காசையா எங்களுக்கு அனுப்புவாய், அடப்பாவி? ஏழாம் மாதம் அந்த வங்கிக்காரன் சேர்த்துக் கேட்கமாட்டானா? நீ அனுப்பியது முழுக்க இங்கே அபராத வட்டிக்கே போய்விட்டது. நான் என்னடாவென்றால், தம்பி அங்கே ராஜா மாதிரி இருக்கிறான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இனி ஒரு பைசா அனுப்பாதே. எங்களுக்கு வழி இல்லை, அது முடிந்த கதை. இருபதாம் தேதி ஏலம். பதில் எழுதுவதானால் அதற்குள் எழுது. பிறகு எந்த விலாசம் என்று எனக்கே தெரியாது.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் வீட்டுக்கும் யாராவது மதிப்புப் போட வந்தால், என் கண்ணே, எதையும் காட்டாதே. பேசாமல் ஓரமாக நின்றுவிடு.

உன் அக்கா