நாலாவது சைக்கிளுக்கும் இடம்

இஞ்சாருங்க,

சோறும் றால் கறியும் மேசையில மூடி இரிக்கு. ஜீப் திறப்புக் கொத்து சாமித்தட்டில.

நீங்க வயல் வட்டைக்குப் போன பிறகு, ஜீப்புக்கு டயர் சொல்லிவச்ச கடைக்காரர் போன் எடுத்தவர். எனக்குத் தலை சுத்திப் போச்சு. சேத்து நிலத்துக்கெண்டு பெரிய வெட்டுப் போட்ட டயர் இரிக்காம், ஆனா தார் றோட்டில இரையுமாம். றோட்டு டயரைப் போட்டா, மாரியில வெல்லாவெளி வயல் பாதையில சில்லு சும்மா சுத்துமாம், ஜீப் நகராதாம். பிறகு சில்லு இரும்பா அலோயா எண்டும் கேட்டார். நான் எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டன். எதுக்கு ஓம் சொன்னன் எண்டு எனக்கே விளங்கல்ல. நீங்களே எடுத்துக் கதைங்க.

ஒண்டை மட்டும் தெளிவாச் சொன்னன். ஜீப்பின்ட பின்கதவில பூட்டுற சைக்கிள் ஸ்டாண்ட் மூண்டு சைக்கிளுக்குப் போதும் எண்டு நீங்க சொன்னீங்களாம். நாலுக்கு மாத்தச் சொல்லிட்டன்.

பாசிக்குடாக் கடற்கரைக்குப் போக உங்களுக்கு ஒண்டு, பிள்ளையள் மதுரனுக்கு ஒண்டு, விதுர்ஷாவுக்கு ஒண்டு எண்டு நேத்து எண்ணினீங்க. "நீ சாப்பாட்டோட ஜீப்புக்குள்ள இரி" எண்டீங்க.

குருக்கள்மடத்துக்கு அக்கா வீட்ட போறன். பின்னேரம் வருவன்.

சுகந்தினி

ஸ்டாண்ட் பூட்டினா பின்கதவில இரிக்கிற ஸ்பெயர் சில்லைக் கழட்டேலாதாம். அப்ப வழியில காத்துப் போனா என்ன செய்யிறது? அதையும் கேளுங்க.

உங்கட சைக்கிளைத் தேடாதீங்க. அதிலதான் போறன். சீற்றை என்ட உயரத்துக்குப் பதிச்சிட்டன்.