போனி ஆற்று மணல்திட்டு

என் ஹாரியட்,

உன் தம்பி ஆம்ப்ரோஸ் செவ்வாயன்று காய்ச்சலில் இறந்துவிட்டான். நோய் மற்றவர்களுக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில், எங்கள் கப்பல் நிற்கும் இந்த ஆப்பிரிக்கப் போனி ஆற்றின் மணல்திட்டில் உடனே புதைத்துவிட்டேன்.

மறுநாள் பனையெண்ணெய்ப் பீப்பாய்களோடு கப்பலுக்கு வந்த வியாபாரி ஒகோலோ சிரித்தான். "என்ன கேப்டன், உங்க மச்சானுக்குக் கப்பல்ல குடிக்கத் தண்ணிகூடக் கிடையாதா? இப்பத்தான் என் படகை மறிச்சுக் கேட்டாரு. மேலெல்லாம் மணலு!"

படகெடுத்துப் போய்ப் பார்த்தேன். குழி திறந்து கிடந்தது. காலடிகள் சதுப்புக்காட்டுக்குள் போயிருந்தன.

மூச்சு நின்றதா என்று சரியாகப் பார்த்தீர்களா என மட்டும் கேட்டு எழுதாதே.

இன்று காலை அந்தக் காட்டிலிருந்து "அத்தான்" என்று ஒரு குரல். மாலுமிகள் ஜெபம் சொல்கிறார்கள். படகில் ஏற ஒருவனும் வரவில்லை.

நான் போகிறேன். அங்கே நிற்பது எதுவானாலும், அவன் உன் தம்பி.

உன் கணவன்