விரிப்பின் மறுமுனை

மார்ச் 3
சலவைக்கூடத்தில் நான் சூப்பர்வைசராகி இன்றோடு ஒன்பது நாள். மதியச் சாப்பாடு இப்போது ஆபீஸ் அறையில், ஃபேனுக்கு அடியில். மகளின் ஸ்கேலை வாங்கி ஓர் அட்டவணை போட்டேன். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே உயரமாகச் சேர்த்தால் விரிப்பு கோணாது, வேலை பறக்கும். பதினொரு வருஷமாகச் சேர்ந்து மடிக்கிற இரண்டு பேரை, கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளையும் நெட்டை என்று கூப்பிடுகிறவனையும், பிரித்தாயிற்று. அவள் அவன் நெஞ்சு உயரம்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்யாணத் தரகர் வேலையும் ஆரம்பிச்சாச்சா?"

மார்ச் 6
ஒரு நாளைக்கு எழுநூறு மடித்தவர்கள் ஐந்நூறில் நிற்கிறார்கள். ஸ்கேலில் கோளாறு இல்லை.

மார்ச் 7
முதலாளி கூப்பிட்டார். புது ஆஸ்பத்திரி ஒன்று இருபத்தெட்டாம் தேதி நம்மைச் சோதித்துப் பார்க்கிறதாம். தொள்ளாயிரம் விரிப்பு, மாலை நாலு மணிக்குள். முடியாவிட்டால் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும். "யாருன்னு நீயே எழுதிக் குடு." காய்கறி வாங்கிவரச் சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். இந்தத் தலை இருக்கிறதே!

மார்ச் 8
எழுதினேன். முதல் பெயர் அக்கா. அவள் கணக்குத்தான் ரொம்பக் குறைவு. ஆபீஸ் அறையில் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 10
டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சாப்பிடும் பின்கட்டுக்குப் போனேன். பேச்சு சட்டென்று நின்றது. உலர்த்தும் மெஷின் பார்ப்பவனுக்கு ரேடியோ என்று பெயர், வாய் மூடாது. அவனே மூடிக்கொண்டான். எனக்கு நான் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 11
மறுபடியும் போனேன். மறுபடியும் மெல்லும் சத்தம்.

மார்ச் 13
இன்று ரேடியோ வாயைத் திறந்தான். அக்காவுக்கு இடது தோள் மேலே எழும்பாதாம். கேட்காமலே நெட்டை குனிந்து தன் முனையைத் தாழ்த்திப் பிடிப்பானாம். இப்போதிருக்கும் ஜோடிக்கு அது தெரியாது.

"ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்ற இடத்துல நீங்க இல்லையே."

பதினொரு வருஷம் நானும் அதே கூடத்தில்தானே இருந்தேன். தோளைப் பார்க்காமல் உயரத்தை அளந்திருக்கிறேன், மடையன்.

மார்ச் 14
அட்டவணையைக் கிழித்தேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதியதையும் சொல்லிவிட்டேன். மறைத்துவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்தாள். பிறகு, "எத்தனாவது பேரு?" என்றாள்.

"முதல்."

"பரவால்ல தம்பி, ஏதோ ஒண்ணுலயாவது முதல்ல வந்தேன்."

சிரித்தது அவள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டியலையும் கிழித்தேன். யாரையாவது அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 26
ரேடியோ தானாக வந்தான். மெஷின் பெல்ட் இரண்டு நாளாகக் கீச்சிடுகிறதாம், சோதனையன்று அறுந்தாலும் அறுமாம். மத்தியானமே புது பெல்ட் மாட்டினோம். பழையதைக் கையில் எடுத்து வளைத்தேன். இரண்டாகப் பிளந்தது.

மார்ச் 28
மூணு இருபதுக்குத் தொள்ளாயிரம்! நாற்பது நிமிஷம் மிச்சம்! யாரையும் நான் விரட்டவில்லை, யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அக்காவும் நெட்டையும் மட்டும் இருநூற்றுப் பத்து. ஆஸ்பத்திரிக்காரர் ஒரு விரிப்பை உதறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நெட்டை விசிலடித்தான், நானும் அடித்தேன், காற்றுதான் வந்தது. யாரும் வேலையைவிட்டுப் போகவில்லை. நானும்தான்! இப்போது வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டு முழுசாகக் கிடைத்தது.

ஏப்ரல் 2
முதலாளி என்னை நிறுத்திவைத்து, அடுத்த மாத வேலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நெட்டை இன்று லீவு. மடிப்பு மேசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "தம்பி, சும்மாதானே நிக்கற? வந்து இந்த முனையப் பிடி."

முதலாளியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனேன். என் முனையைத் தாழ்த்திப் பிடித்தேன்.