சோதனை இல்லாத சிவப்புப் பட்டி

மச்சி,

உன் காக்கா, அதுதான் என் புருசன், இன்று மத்தியானம் மீனோடு சேர்த்து ஒரு பத்திரிகைத் தாள் சுருளையும் கொண்டுவந்து என் தறியின் மேல் வைத்தார். பிரித்தேன். சிவப்புப் பட்டிகள். புதுச் சாயத்தின் புளித்த வாசம் மூக்கில் ஏறியது. ஒடுக்கத்துப் புதனன்று கடலில் பெண்கள் பக்கம் காவல் நிற்பவர்கள் கையில் கட்டுகிற பட்டிகள்தான், நீயும் நானும் கட்டிய அதே பட்டி.

"இந்த வருசம் சோதின கீதின ஒண்டும் இல்ல. ஆக்களத் தெரிஞ்செடுத்தாச்சி. பட்டியக் குடுத்து உட்டாச் சரி" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். மீன் ஆணச் சட்டியை அவர் முன்னால் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

உன்னை அடக்கிய கப்ரடிக்கு வந்து இதைச் சொல்லலாம் என்றால் நம் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. போன மாரியில் காய்ச்சலில் நீ மௌத்தானதிலிருந்து, நல்லதோ கெட்டதோ, உன்னோடு கதைக்க எனக்கு வழி இல்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, வரி கோணினால் பொறுத்துக்கொள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு உன் மேலும் இருக்கிறது.

அந்தப் புதுப்பெண்ணை நீ மறந்திருக்க மாட்டாய். நற்பிட்டிமுனைப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் வந்தவள், வாய்க்கால் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைத்திராதவள். ஒடுக்கத்துப் புதன், சபர் மாதத்துக் கடைசிப் புதன் என்றால் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் நம் கடலுக்கு வந்து முழுகிப் போவது வழக்கம். அது மார்க்கத்தில் இல்லாத வேலை என்று சில மௌலவிமார் அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் சனம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பன்பாய் மறைப்புக்கு அப்பால் பெண்கள் ஒரு பக்கம். அவளை நீரோட்டம் இழுத்தபோது நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கரைவலைக்காரர்கள், கடலிலேயே ஊறினவர்கள். பெண்கள் நனைந்த சீலையோடு நிற்கிற இடத்துக்குள் நுழையலாமா என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். நீ முக்காட்டை எறிந்துவிட்டு தூரத்திலிருந்து ஓடிவந்து பாய்ந்தாய். நீ கரைக்குக் கொண்டுவந்தது மையித்தைத்தான்.

அதற்குப் பிறகுதான் ஊர்ச் சங்கம் கடல் காவலுக்குத் தொண்டர்களைச் சேர்த்தது. அக்கரைப்பற்றிலிருந்து ஒருவரைச் சோதனை வைக்கக் கூட்டிவந்தார்கள். கப்பல் துறையில் வேலை செய்து உயிர்காப்புப் படித்தவர். விசில் ஊதினதும் தோணியடியிலிருந்து ஓடிப் பாய வேண்டும். நங்கூரம் போட்டு நிற்கிற தோணி வரை நீந்த வேண்டும். அங்கே தாழுகிறவன் மாதிரிக் கிடக்கும் ஆளை இழுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் கரை சேர வேண்டும். அரைக் காற்சட்டையும் பெனியனும் போட வேண்டும். இதெல்லாம் ஆண்களுக்குச் சரி. "பொம்புளயள் பக்கத்துக்கு ஆரு?" என்று நீ கேட்டாய். ஆண் போக முடியாத இடத்தில் ஆணைக் காவல் வைத்து என்ன பயன் என்று உன் காக்காவிடம் வாரக்கணக்கில் வாதாடினாய். சங்கத்தின் செயலாளர் அவர்தானே. கடைசியில் "ஓம்" என்றார்கள்.

ஓம் என்றவர்கள் செய்த வேலையைத்தான் என்னால் இன்றைக்கும் செமிக்க முடியவில்லை. பெண்பிள்ளைகளைக் கடலில் இறக்கி ஆம்பிளை ஒருவர் பார்ப்பது முறையில்லை, ஆகவே பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனை வேண்டாம், வீட்டில் வைத்து வாயால் நாலு கேள்வி கேட்டால் போதும் என்று தீர்மானித்தார்கள். கேள்வி கேட்கக்கூட ஒருவரும் வரவில்லை. பட்டிகள் மட்டும் வந்தன. உனக்குப் பெரிய உபகாரம் செய்ததாக நினைத்து உன் காக்கா சிரித்துக்கொண்டு நின்றார். நீ பட்டியைத் தொடவே இல்லை.

"இது சலுக இல்ல காக்கா. எங்கள ஒரு ஆளாக் கணக்கெடுக்கல்ல எண்டதுதான் இது" என்றாய். "மாத்த ஏலுமானதெல்லாம் மாத்துங்க. கடல் மாத்தாதத்த நீங்களும் மாத்தாதீங்க."

மறுநாள் அந்தப் பரீட்சகரே வந்தார். அவர் முன் அறையில் கதிரையில், நீ கதவுச் சீலைக்குப் பின்னால், நான் உன் முதுகுக்குப் பின்னால். மனுசன் கெட்டவர் இல்லை. "சீலையோட நீந்தினாக் காலச் சுத்தும், இழுக்கும். உங்களுக்கு நேரத்த ரெண்டு மடங்காத் தாறன்" என்று தாராளமாகச் சொன்னார்.

"தாழுறவளுக்கு ரெண்டு மடங்கு மூச்சிரிக்கா?" என்று நீ சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டாய். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு நீயே ஒவ்வொன்றாகச் சொன்னாய். நேரம் ஆண்களுக்குள்ள அதே நேரம். தூரம் அதே தூரம். இழுக்கிற ஆளும் பாரமான ஆள். ஆனால் அன்றைக்கு நாங்கள் தோணி நிழலில் குந்தியிருக்கப் போவதில்லை, குளிக்கிறவர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் போகிறோம், ஆகவே எங்கள் சோதனை அங்கிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு என்ன உடுப்போமோ அதையே சோதனைக்கும் உடுப்போம். விசில் வேண்டாம், பெண்களைப் பார்த்து விசில் அடிப்பது யார் வேலை என்று ஊருக்குத் தெரியும், பதிலுக்கு ஒரு வெள்ளைத் துணியை வீசினால் போதும். அவர் தோணிகளுக்குப் பின்னால் கடலுக்கு முதுகைக் காட்டி மணிக்கூட்டோடு இருக்கட்டும். இரண்டு பெரிய மனுசிகள் தோணி மேல் நின்று பார்த்துச் சொல்வார்கள். மனுசன் எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இதுல ஒண்டும் லேசில்லயே" என்றார். "லேசாக்கச் சொல்லி நாங்க கேக்கல்லயே" என்றாய் நீ.

தாழுகிற ஆளாக அப்பம் சுடுகிற மாமியைப் பிடித்தாய். ஊரிலேயே பெரிய உடம்பு அவவுக்குத்தான். மையித்து மாதிரிக் கிடக்க வேண்டும் என்று சொல்லித்தான் இறக்கினோம். மாமி கிடந்தா, வாய் மட்டும் கிடக்கவில்லை. "மெல்லப் புடிடி, எண்ட தோடு களண்டு போகும்" என்று நடுக்கடலிலிருந்து வந்த ஏச்சைக் கேட்டு முதுகைக் காட்டி இருந்த பரீட்சகர் தோள் குலுங்கச் சிரித்தார். நீ மாமியை நேரத்துக்கு முன்பே கரையில் போட்டாய்.

என் முறை வந்தது. சிறு வயதில் முறிந்து கோணலாகப் பொருந்திய என் இடது முழங்கை நீளாது என்பது உனக்குத் தெரியும். அவருடைய முறைப்படி இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுத்தான் இழுக்க வேண்டும். "எப்பிடிப் புடிச்சாலும் வாய் தண்ணிக்கு மேல இரிக்கோணும். அதப் பாருங்க" என்று எனக்காக வாதாடி வாங்கித் தந்தாய். நான் வலது கையால் பிடித்தேன். கோணல் கையால் நீந்தப் பார்த்தேன். பாதி வழியில் பிடி வழுக்கியது. மாமி உண்மையாகவே தண்ணீர் குடித்துவிட்டா. நான் அவவைக் கரை சேர்த்தபோது நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

"பாவம், குடுகா. கை ஏலாத புள்ள" என்று மாமியே இருமிக்கொண்டு சொன்னா. பட்டி உன் கையில் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு கையை மூடிக்கொண்டாய். "இல்ல" என்றாய். உன் கூடப்பிறந்தவரின் பெண்சாதி, உன்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவள் நான். எல்லார் முன்னாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாய்.

நான் உன்னோடு கதைப்பதை நிறுத்தினேன். நீ நிறுத்தவில்லை. பதில் இல்லாத வீட்டுக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் குந்தி, நான் நூல் கட்டைத் தூக்குவது, பாவு நூலைச் சரிசெய்வது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு நாள், நூல் பொதியை ஒரு துணிப் பட்டியில் கொளுவி வலது தோளில் போட்டு நான் இழுத்து வந்தபோது, "அந்தப் பட்டியத் தாகா" என்றாய். அவ்வளவுதான். இரட்டை நூலில் அகலமாக ஒரு பட்டி நெய்தேன். நுனியில் ஒரு வளையம். தாழுகிறவளின் அக்குளுக்குள் போட்டு என் தோளில் மாட்டினால் என் இரண்டு கையும் நீந்துவதற்குச் சும்மா இருக்கும், கோணல் கையும் தன்னால் முடிந்ததைச் செய்யும். சுபஹ் தொழுகை முடிந்த கையோடு இருவரும் கடலுக்குப் போய்ப் பழகினோம்.

நெய்த பட்டி முறையில் இல்லை என்று பரீட்சகர் இழுத்தார். "அண்டைக்கும் அது அவட இடுப்புல இரிக்கும். இல்லாட்டி நானே அவளத் தண்ணிக்குள்ள உடமாட்டன்" என்றாய். இரண்டாம் முறை மாமி ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கவில்லை. நீ சிவப்புப் பட்டியை என் கையில் கட்டினாய், முடிச்சை வேண்டுமென்றே இறுக்கினாய். அந்த வருடம் அக்கரைப்பற்றுப் பெண் ஒருத்தியை நீரோட்டம் இழுத்தபோது நெய்த பட்டி அவள் அக்குளில் விழுந்தது. கரைக்கு வந்து மூச்சு வாங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி தன் செருப்பு எங்கே என்பதுதான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

இதையெல்லாம் உன் காக்காவும் அறிவார். அறிந்துகொண்டேதான் இன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி சொல்கிறார், "உனக்கும் கை ஏலா. திரும்பத் திரும்பச் சோதின வெச்சுப் படுத்துறது பாவம்." எனக்குப் பாவம் பார்க்க இவர்கள் யார்? அன்றைக்குப் பாயைத் தாண்டாமல் நின்றவர்களும் ஏதோ நல்லதை நினைத்துத்தான் நின்றார்கள். இவர்கள் எதையும் நல்லதை நினைத்துத்தான் செய்கிறார்கள், அதற்கு யாராவது ஒருத்தி தண்ணீருக்குள் போகிறாள்.

அதோடு முடிந்திருந்தால் ஆணச் சட்டியோடு என் கோபமும் முடிந்திருக்கும். கை கழுவிவிட்டு, "தங்கச்சிட பழைய பட்டி உன்னட்டத்தானே இரிக்கி. எடுத்து வை. அவட ஞாபகமாச் சங்கத் தலைவர்ர மகளுக்குக் கட்டப் போறம்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, மச்சி. உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். அதுதான் என்னை இன்னும் எரித்தது. சும்மா வந்த பட்டியைத் தொடாதவள் நீ. உன் ஞாபகத்துக்கே உன் பட்டியைச் சும்மா கொடுக்கப் போகிறார்கள்.

"இஞ்சருங்க, அந்தப் புள்ளக்கி நீந்தத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு ஒண்டும் நடக்காது. நீ ஏன் எல்லாத்துக்கும் பாயுற?" என்றார்.

இங்கேதான் உன் மேலும் எனக்குக் கோபம். நீ இருக்கும் வரைக்கும் எல்லாரும் உன் வாய்க்குப் பயந்துதான் சோதனை வைத்தார்கள். சோதனை சரி என்று ஒருவருக்கும் பட்டிருக்கவில்லை. உன் வாய் மண்ணுக்குள் போனதும் சோதனையும் கூடவே போய்விட்டது. என்னைக் கடலில் பழக்கியவள், கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று வாதாட ஒரு நாளாவது என்னை முன்னால் விட்டாயா? உன் முதுகுக்குப் பின்னால் நின்றே எனக்குப் பழகிப்போனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தலைவரின் மகளே என்னைத் தேடி வந்தாள். தகப்பனுக்குத் தெரியாமல்தான். "மாமி, எனக்குக் கழுத்தளவு தண்ணியிலயே தல சுத்தும். வாப்பாட்டச் சொல்லப் பயமாரிக்கி" என்றாள். பத்தொன்பது வயதுப் பெண், கண் மட்டும் பருந்துக் கண். பேசிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அப்பால் ஒழுங்கை முனையில் வருவது யார் என்று எனக்குச் சொன்னாள், எனக்கு உருவமே தெரியவில்லை. தோணி மேல் நின்று யார் தாழுகிறாள் என்று பார்த்துக் கத்துவதும் காவல்தான். அதற்கும் ஒரு சோதனை வைக்கலாம். அதற்கு வெள்ளைப் பட்டி நெய்து தருகிறேன், வென்று வாங்கு என்றேன். அவள் முகம் தெளிந்தது. சிவப்பு தண்ணீருக்குள் இறங்குகிறவளுக்கு. அதில் மாற்றம் இல்லை.

மஃரிப் தொழுகைக்கு முன்பே அப்பம் சுடுகிற மாமியிடம் போனேன். வயது போய்விட்டது, உடம்பு போகவில்லை. "இன்னொருக்காத் தாழோணுமா? உண்ட மச்சி செத்தும் என்னக் கரையில இரிக்க உடமாட்டாளா?" என்று ஏசிவிட்டுச் சம்மதித்தா. பரீட்சகருக்கு ஆள் அனுப்பினேன். உன் காக்காவிடம் கதவுச் சீலைக்கு முன்னால் நின்றே சொன்னேன். பட்டிச் சுருள் என் தறியில்தான் இருக்கும். தேறியவள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். தலைவர் கோபித்தால் என்னிடம் வரட்டும். உன் காக்கா "நீயும் இறங்கப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் இறங்கப் போவதே நான்தான், மச்சி. நெய்த பட்டியை எண்ணெய் விட்டு நனைத்து வைத்திருக்கிறேன். நேரத்துக்குள் வராவிட்டால் என் சிவப்புப் பட்டியை நானே அவிழ்த்து அந்தச் சுருளுக்குள் போட்டுவிடுவேன், நீ இருந்தால் அதைத்தான் செய்திருப்பாய். உன் சிவப்புப் பட்டியை என் இடுப்பில் முடிந்திருக்கிறேன். அது ஞாபகத்துக்காக இல்லை. யாராவது ஒருத்தி மாமியை இழுத்துக்கொண்டு நேரத்துக்குள் கரையேறி, எல்லாரும் "பாவம், குடு" என்று சொல்லத் தேவையில்லாமல் அதற்குக் கை நீட்டுவாள். அதுவரைக்கும் என் கையும் மூடியே இருக்கும்.