தொண்ணூறு நிமிடத்தில் முப்பத்தெட்டு

3 மார்ச், செவ்வாய்
காற்று இல்லை. கடல் தகடு மாதிரி. காலை ஏழரைக்குக் குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நூற்றைம்பது எட்டு வைத்தும் முழங்கால் தண்ணீர்தான்; அங்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கரையில் முக்காலி, அதில் போன். படத்தில் என் முதுகும் கடலும் மட்டும்.

விதிகள்: தொண்ணூறு நிமிடம். திரும்பக்கூடாது. பேசக்கூடாது.

பாதியில் கெட்டது. வலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் வள்ளத்தை விட்டு இறங்கி வந்தார்.

“பிள்ளை, எழும்பும். வீட்டில ஏதும் சண்டையோ?”

“இல்லை அண்ணை. படம் எடுக்கிறன்.”

“ஆர் எடுக்கிறது? கரையில ஒருத்தருமில்லையே.”

“தானா எடுக்கும்.”

“ஓமோம்.” நம்பவில்லை. “சரி, நானும் சும்மா நிக்கிறன்.”

கடைசிவரை நின்றார். வலப்பக்கம், பேசாமல். நல்லவேளை, கொஞ்சத்தில் மேகம் மூடியது. வெயில் சுடவில்லை.

கதிரையை அவரே தூக்கி வந்தார். போனில் நிமிடம் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப மெய்தான்! நானும் படத்தில வருவனோ?”

“வருவியள்.” தப்பினால் போதும் என்றிருந்தது.

பெயர் சூசை.

5, வியாழன்
முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வெட்டினேன். தனியே இருப்பதைப் பற்றிய படத்தில் இரண்டாவது ஆள் எதற்கு? வலது மூலையில் வள்ளம், ஒரு புள்ளி. பரவாயில்லை, யாருக்கும் தெரியாது. மிச்சம் ஐம்பத்திரண்டு நிமிடமும் பார்க்கவில்லை.

அம்மா கனடாவிலிருந்து போன். “சாப்பிட்டனியோ?” “ஓம்.” பிஸ்கட்.

14, சனி
யாழ்ப்பாணம். முதல் காட்சி. பதினொரு பேர். “வீடியோ நிண்டிட்டுதோ?” என்று ஒருவர் பக்கத்து ஆளிடம். பல்கலைக்கழகத்தில் என்னைப் படிப்பித்தவர் வந்திருந்தார். “தனிமை சுத்தமா வந்திருக்கு.” இதைக் கேட்கத்தானே ஏங்கினேன்.

வந்தவர்களுக்குச் சாப்பிட வாங்கிய ரோல்ஸ் மிச்சம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி.

17, செவ்வாய்
சூசை அண்ணை பங்குச் சுவாமியாரிடம் கேட்டு, படம் காட்டக் கோயில் மண்டபம் எடுத்துவிட்டார். ஞாயிறு பூசை முடிய. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, தானும் படத்தில் என்று.

வெட்டியதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

22, ஞாயிறு
மண்டபம் நிரம்பியது. சூசை அண்ணை முன்வரிசை, மடிப்புக் கலையாமல் மினுக்கிய வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மனைவி றீற்றா அக்கா.

பின்னுக்கு யாரோ: “கரையில இருக்க இடமில்லாமலே கடலுக்க கதிரை போட்டவ?” சிரிப்பு.

“நீங்கள் எப்ப வருவியள்?” றீற்றா அக்கா.

“பொறு. இப்ப வருவன்.”

அந்தப் புள்ளி. சூசை அண்ணை எழும்பிப் போய்த் திரைச்சீலையில் விரல் வைத்தார். “இந்தா, என்ரை வள்ளம்! வாறன்!” கைதட்டல்.

இருட்டு.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“கரண்ட் போயிட்டுது.”

“கரண்ட் போனா ஃபான் சுத்துமே?”

“முடிஞ்சுது,” என்றேன்.

அவர் விரலை எடுத்தார். “ஓம்… வள்ளம் வடிவாத் தெரிஞ்சது.” பிறகு மண்டபத்துக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

23, திங்கள்
மிச்சத்தைப் பார்த்தேன். முதல் தடவை.

வானத்தில் மேகமே இல்லை.

அவர் எனக்கும் வெயிலுக்கும் நடுவில். வெயில் ஏற ஏற ஒரு எட்டு என் பக்கம். கொஞ்சத்தில் இன்னொரு எட்டு. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறார், தன் நிழல் என் தலையில் சரியாக விழுகிறதா என்று. ஐம்பத்திரண்டு நிமிடம்.

போன் சார்ஜ் எண்பது. தொண்ணூறு நிமிடமும் போட்டுக் காட்டப் போதும். றீற்றா அக்கா வீட்டில் நிற்பா. இப்போதே போகிறேன்.